ஏரி பார்த்த வீடு, வயதான காலத்துக்கும் ஆகிற வீடு: மனை தேடுவதிலிருந்து குடிபோவது வரை

மதுராந்தகம் பக்கம் ஒரு சின்ன ஏரியை ஒட்டி வீடு கட்டி, இரண்டு மழைக்காலம் பார்த்தாயிற்று. வீட்டில் மூன்று பேர். எனக்கு 61, மனைவிக்கு 57, அம்மாவுக்கு 84. அம்மா வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறார். காலையில் தாழ்வாரத்தில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தபடி காபி குடிக்க வேண்டும், அந்தத் தாழ்வாரத்துக்கு யாரும் கைத்தாங்கலாகக் கூட்டிப்போகாமல் அவரே போக வேண்டும். கேட்டது இவ்வளவுதான். இதைக் கட்டி முடிக்க மூன்று வருடம் ஆயிற்று. அதில் ஒரு வருடமாவது என் அவசரத்தாலும் அறியாமையாலும் போனது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஏரிக்கரை வீட்டைத் தூக்கிக் கட்டச் சொல்லும். முதுமை படியே வேண்டாம் என்று சொல்லும். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை. இந்தச் சிக்கலை வரைபடத்திலேயே தீர்த்துவிட்டால் மற்றதெல்லாம் சில்லறை வேலை. வீடு எழும்பிய பிறகு தீர்க்கப் பார்த்தால், வாசலில் ஒரு செங்குத்தான சரிவை ஒட்டவைத்துவிட்டு அதில் சக்கர நாற்காலியைத் தள்ள இரண்டு ஆள் தேடுவீர்கள்.

1. கோடையில் மனை பார்க்காதீர்கள்

தரகர்கள் ஏரிக்கரை மனையைக் காட்டுவது மார்ச்சிலிருந்து ஜூன் வரை. ஏரி காய்ந்து கிடக்கும், மாடு மேயும், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். மனை மேடாகத்தான் தெரியும். நீங்கள் ஐப்பசி, கார்த்திகையில் போங்கள், அதுவும் இரண்டு நாள் நல்ல மழை பெய்த மறுநாள். மனைக்குப் போகும் பாதையில் கார் போகிறதா என்று பாருங்கள். கார் போகாத பாதையில் 108 வண்டியும் வராது. வயதானவர்களை வைத்துக்கொண்டு இருக்கப் போகிறவர்களுக்கு அந்த மனை வேண்டாம், தண்ணீர் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

பக்கத்து வீட்டுச் சுவர்களில் பழைய கறை இருக்கும். 2015 டிசம்பரில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். வீட்டுக்காரரைவிட டீக்கடைக்காரர் சரியாகச் சொல்வார், அவருக்கு விற்க மனை இல்லை. எங்கள் தெருவில் சாலைக்கு மேல் ஓரடி உயரத்தில் கறை இருந்தது. அது ஏரியிலிருந்து ஏறிவந்த தண்ணீர் அல்ல என்பது பிறகுதான் தெரிந்தது. வரத்துக் கால்வாய் தூர்ந்து போனதால் ஏரிக்குப் போக முடியாமல் தெருவில் நின்ற தண்ணீர் அது. ஏரிக்கரையில் வெள்ளம் பெரும்பாலும் முதுகுப் பக்கமாகத்தான் வரும்.

2. ஏரியின் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

"ஏரியை ஒட்டின மனை" என்பதில் மூன்று வகை உண்டு.

கரைக்கு வெளிப்பக்கம், அதாவது மதகு வழியாகத் தண்ணீர் பாயும் வயல்கள் (ஆயக்கட்டு) இருக்கும் பக்கம். இங்கே வீடு கட்டினால் கண்ணுக்குத் தெரிவது ஏரி அல்ல, மண்கரை. ஏரி நிறைந்தால் கசிவு வரும், தரை எப்போதும் ஈரமாக இருக்கும். நிலமும் நஞ்சைக் களிமண். கரை உடைந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது உள்வாய்ப் பக்கம், தண்ணீர் பரவி நிற்கும் விளிம்பு. காட்சி அருமையாக இருக்கும். ஆபத்தும் இங்கேதான். நல்ல மழை வருடத்தில் தண்ணீர் எதுவரை பரவும் என்பது காய்ந்த வருடங்களில் எல்லாருக்கும் மறந்துபோயிருக்கும்.

மூன்றாவது, கரை முடிந்து நிலம் இயற்கையாக மேடேறும் பக்கவாட்டு ஓரம். இதைத் தேடுங்கள். எங்கள் பக்கத்தில் நிலம் பொதுவாக மேற்கிலிருந்து கிழக்காகச் சரிவதால் பல ஏரிகளுக்குக் கரை கிழக்கே இருக்கும். அப்படியானால் பக்கவாட்டு மேடு வடக்கிலோ தெற்கிலோ கிடைக்கும். நாங்கள் வாங்கியது வடக்கு ஓரம். ஏரி எங்களுக்குத் தெற்கே. கோடையில் தெற்குக் காற்று தண்ணீர் மேல் தவழ்ந்து வருகிறது. வடகிழக்குப் பருவமழை சாலைப் பக்கம்தான் அதிகம் அடிக்கிறது, ஏரிப் பக்கத் தாழ்வாரம் பெரும்பாலும் தப்பிக்கிறது. யோசித்து வாங்கியதாகச் சொல்ல ஆசைதான். உண்மையில் அதிர்ஷ்டம்.

மேற்கே ஏரி இருந்தால் மாலை மூன்று மணிக்கு மேல் வெயிலோடு தண்ணீரில் பட்டுத் திரும்பும் கண்கூசும் ஒளியும் சேர்ந்து வீட்டுக்குள் வரும். கண்புரை உள்ளவர்களுக்கு அது பெரிய தொல்லை.

3. காகிதங்கள்: இங்கே ஒரு மாதம் செலவழியுங்கள்

நான் முதலில் முன்பணம் கொடுக்க இருந்த மனைக்குப் பட்டா இருந்தது, பத்திரம் இருந்தது, முப்பது வருட வில்லங்கச் சான்றும் சுத்தமாக இருந்தது. ஆனாலும் அது ஏரி உள்வாய். பட்டா இருப்பதால் அது வீடு கட்டும் இடம் ஆகிவிடாது. இதுதான் நிறையப் பேர் விழும் குழி.

பார்க்க வேண்டியவை, நான் பார்த்த வரிசையில்:

பட்டா, அ-பதிவேடு. இரண்டையும் தமிழ்நாடு அரசின் இணையச் சேவையில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். அ-பதிவேட்டில் நிலத்தின் வகை என்ன என்று பாருங்கள். உங்கள் சர்வே எண்ணை மட்டும் பார்த்தால் போதாது, சுற்றியிருக்கும் எண்களையும் போட்டுப் பாருங்கள். பக்கத்து எண் 'ஏரி', 'வாய்க்கால்', 'ஓடை' என்று வந்தால் எல்லை எங்கே என்பது முக்கியமாகிறது.

புலப்படம், அதாவது சர்வே எண்ணின் அளவு வரைபடம். இதுவும் இணையத்தில் கிடைக்கும். வாய்க்கால் உங்கள் மனைக்குள் ஓடுகிறதா, ஓரமாக ஓடுகிறதா என்பது இதில்தான் தெரியும். தரையில் வாய்க்காலே இல்லாமல் சமமாக இருக்கலாம். படத்தில் இருந்தால் அது இருக்கிறது.

பழைய பதிவுகள். 1980களில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் நிறைய எண்கள் மாறின. அதற்கு முந்தைய பதிவேட்டில் அந்த இடம் என்னவாக இருந்தது என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் நகல் கேளுங்கள். எனக்கு ஐந்து தடவை அலைச்சல். ஆனால் முதல் மனையிலிருந்து என்னைக் காப்பாற்றியது அந்த ஒரு தாள்தான்.

வில்லங்கச் சான்று. பதிவுத்துறையின் இணையதளத்தில் பார்க்கலாம். அதோடு தாய்ப்பத்திரத்தையும் வாங்கி, நான்கெல்லையைப் படியுங்கள். பழைய பத்திரத்தில் "தெற்கே ஏரி" என்றும் புதிய பத்திரத்தில் "தெற்கே பாதை" என்றும் இருந்தால் நடுவில் யாரோ எதையோ விழுங்கியிருக்கிறார்கள்.

அரசு நில அளவையரை வைத்து அளந்து கல் நடுங்கள். விண்ணப்பத்தை இணையத்திலேயே போடலாம். விற்கிறவர் செலவிலேயே இதைச் செய்யச் சொல்லுங்கள், தயங்கினால் காரணம் இருக்கும்.

ஏரி யார் பொறுப்பில் இருக்கிறது என்பதையும் கேட்டு வையுங்கள். ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் பொதுவாக நீர்வளத் துறை, அதற்குக் கீழ் என்றால் ஊராட்சி ஒன்றியம். எல்லை பற்றிச் சந்தேகம் வந்தால் எந்த அலுவலகப் படியேறுவது என்பது இதை வைத்துத்தான். 2007இல் வந்த ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருக்கிறது. நீர்நிலைக்குள் கட்டினால் இடிப்பார்கள். மின் இணைப்பு இருக்கிறது, வீட்டு வரி கட்டினேன் என்பதெல்லாம் அங்கே செல்லாது.

பதிவுச் செலவு: முத்திரைத் தீர்வையும் அதோடு சேர்ந்த வரியும் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 20 லட்சம் ரூபாய் மனைக்கு 1,80,000 ரூபாய் தனியாக வைத்திருங்கள். 10 லட்சத்துக்குள் மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு.

4. மட்டம்

இந்தப் பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள். வீட்டின் தலையெழுத்து இங்கேதான் எழுதப்படுகிறது.

ஒவ்வோர் ஏரிக்கும் ஒரு கலங்கல் இருக்கும். ஏரி நிறைந்ததும் உபரி நீர் வழிந்து போகும் இடம். அந்தக் கலங்கலின் மேல்மட்டம்தான் ஏரியின் முழுக் கொள்ளளவு மட்டம். பெருமழையில் கலங்கலுக்கு மேலும் இரண்டு மூன்று அடி தண்ணீர் நின்று வழியும். ஆகவே உங்கள் மனையின் தரை கலங்கலைவிட எத்தனை அடி உயரம் என்பதை அளந்தே தீர வேண்டும். மட்டக்கருவி வைத்திருக்கும் தனியார் சர்வேயர் அரை நாளில் கலங்கலிலிருந்து மனைக்கு மட்டத்தைக் கொண்டுவந்து சொல்லிவிடுவார். எங்களிடம் 4,000 ரூபாய் வாங்கினார். இந்த வீட்டுக்குச் செய்த செலவிலேயே உருப்படியான செலவு அதுதான். எங்கள் மனை கலங்கலைவிட நாலடி மேலே இருந்தது. மூன்றடிக்குக் குறைவாக இருந்தால் நான் வாங்கியிருக்க மாட்டேன்.

அடுத்தது தெருக் கறை. அது சாலைக்கு மேல் ஓரடி. அதற்கு மேல் ஒன்றரை அடி பாதுகாப்பு என்று வைத்தால், வீட்டின் தரை சாலையைவிட இரண்டரை அடி உயரத்தில் இருக்க வேண்டும். மேஸ்திரி உடனே சொன்னார்: "அஞ்சு படி வெச்சிடலாம் சார், கெத்தா இருக்கும்." அம்மாவுக்கு அந்த ஐந்து படியும் சுவர்தான்.

சக்கர நாற்காலிக்கான சரிவு ஓரடி உயரத்துக்குக் குறைந்தது பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். இரண்டரை அடிக்கு முப்பது அடி, நடுவே நின்று மூச்சு வாங்க ஐந்தடிச் சமதளம், இருபுறமும் கைப்பிடி. வாசலில் இப்படி ஒன்றைக் கட்டினால் வீடு ஆரம்ப சுகாதார நிலையம் மாதிரி ஆகிவிடும். அதைவிட நல்ல வழி, சரிவு இருப்பதே தெரியாமல் தோட்டத்தையே சரிவாக்கிவிடுவது. ஓரடிக்கு இருபது அடி நீளம் கொடுத்தால் கைப்பிடிகூடத் தேவைப்படாது, அது வெறும் நடைபாதை. எங்கள் மனை 50 அடி அகலம், 120 அடி நீளம், ஏறக்குறைய 14 சென்ட். கேட்டிலிருந்து வீட்டு வாசல் வரை 50 அடி விட்டோம். 50 அடியில் இரண்டரை அடி ஏறுகிறது. வருகிறவர்கள் யாரும் ஏறியதாகவே உணர்வதில்லை. வீட்டைத் தெருவை ஒட்டிக் கட்டிப் பின்னால் பெரிய தோட்டம் விடலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். விட்டிருந்தால் இந்தச் சரிவு கிடைத்திருக்காது.

மண் கணக்கு: ஒரு யூனிட் என்பது 100 கன அடி. எங்களுக்குச் சுமார் 6,250 கன அடி வந்தது. இறுக்கினால் அடங்கும் என்பதால் 75 யூனிட் கிராவல் அடித்தோம். ரோலர் வாடகையோடு இரண்டே கால் லட்சம். சுற்றிக் கருங்கல் தடுப்புச் சுவர் தனி.

இதில் மூன்று எச்சரிக்கை. "ஏரி வண்டல் சும்மாவே கிடைக்கும் சார்" என்பார்கள். வண்டல் வயலுக்கு நல்லது, வீட்டுக்கு அடியில் போடக் கூடாது. நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். இரண்டாவது, லோடு கணக்கில் பேசாதீர்கள். லாரிக்கு லாரி கொள்ளளவு வேறு. யூனிட் கணக்கில் பேசி, வண்டியை அளந்து பாருங்கள். மூன்றாவது, எல்லை வரை மண் நிரப்பாதீர்கள். இரண்டு பக்கமும் ஐந்தடி பழைய மட்டத்திலேயே விட்டு வடிகால் ஆக்குங்கள். நீங்கள் மேடேறினால் உங்கள் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும். கடைசிக் காலத்தில் உங்களுக்கு உதவப் போவது அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்தான்.

மண்ணை மே மாதம் அடித்து, ஒரு மழைக்காலம் முழுக்க நனையவிடுங்கள். ஜனவரியில் கடைக்கால் தோண்டலாம். மண் பரிசோதனையைக் கட்டாயம் செய்யுங்கள், எங்களுக்கு 18,000 ஆனது. களிமண் வந்தால் அடித்தளமே வேறு மாதிரி போட வேண்டியிருக்கும்.

5. கட்டட அனுமதி

2,500 சதுர அடிக்குள் மனையும் 3,500 சதுர அடிக்குள் கட்டடமும் என்றால் 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறையில் இணையத்தில் உடனே அனுமதி கிடைக்கிறது. பெரிய மனைக்கு வழக்கமான வழிதான். எங்களுக்கு நான்கு மாதம். எங்கள் பொறியாளர் ஏரி எல்லைக் கல்லிலிருந்து 15 மீட்டர் தள்ளியே சுவரைக் கோடு போட்டார். நடுவில் ஒரு வண்டிப்பாதை இருந்ததால் தோட்டத்தில் அதிகம் இழக்கவில்லை.

6. தாழ்வாரம்

உள்ளேயும் வெளியேயும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றதும் எல்லாரும் பெரிய கண்ணாடிச் சுவர் காட்டுவார்கள். நம் ஊர் வெயிலுக்கு அது வேண்டாம். பத்தடி ஆழத்துக்கு ஓடு வேய்ந்த தாழ்வாரம், அதைத் திறந்தால் கூடம். அவ்வளவுதான். தெற்குப் பார்த்த தாழ்வாரத்துக்கு இந்த ஆழம் இருந்தால் கோடை வெயில் உள்ளே வராது. மார்கழி வெயில் ஓரமாக எட்டிப் பார்க்கும், அது வயதானவர்களுக்கு இதம்.

திண்ணை கட்டுங்கள், ஆனால் பழைய வீட்டு உயரத்தில் அல்ல. 18 அங்குலம். அதற்கு மேல் போனால் கால் தொங்கும், கீழே போனால் எழுந்திருக்க முடியாது. எழும்போது பிடிக்க ஒரு மரத்தூண் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

கூடத்துக்கும் தாழ்வாரத்துக்கும் நடுவே படி இல்லை. இதைச் சொன்னதும் மேஸ்திரி கேட்ட கேள்வி நியாயமானது: "தண்ணி உள்ள வந்துடாதா சார்?" தாழ்வாரத் தரையை வெளிப்பக்கமாக லேசாகச் சரித்து, கதவுக்கு வெளியே தரையோடு தரையாக ஒரு நீளமான ஜல்லடை வடிகால் வைத்தோம். தள்ளுகதவின் தடம் தரைக்குள் புதைந்திருக்கிறது. மழைக்காலத்தில் அதில் மண் அடைக்கும், வாரம் ஒருமுறை பிரஷ் போட வேண்டும். சோம்பேறிகளுக்கு ஆகாத ஏற்பாடு.

படி இல்லாத வாசலில் இன்னொரு விருந்தாளி வருவார். ஏரிக்கரையில் பாம்பு சகஜம். கதவுக்கடியில் இடைவெளி இல்லாமல் பிரஷ் பட்டி அடியுங்கள். எங்களுக்கு இது ஒரு சாரைப்பாம்பு கூடத்தில் படுத்திருந்த பிறகுதான் தோன்றியது. தடுப்புச் சுவரின் கல் இடுக்குகளைச் சிமென்ட் பூசி அடையுங்கள், நடைபாதை ஓரம் முழங்கால் உயரத்தில் விளக்கு வையுங்கள்.

கொசுவலை இல்லாமல் தாழ்வாரம் மாலை ஆறு மணியோடு முடிந்துவிடும். துருப்பிடிக்காத எஃகு வலை போடுங்கள். சாதாரண இரும்பு வலை எங்களுக்கு ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை.

தரைக்கு ஆத்தங்குடிக் கல் போட மனைவிக்கு ஆசை. நனைந்தால் வழுக்கும். உள்ளறையில் போட்டுக்கொண்டோம். தாழ்வாரத்துக்கும் நடைபாதைக்கும் சொரசொரப்பான கடப்பாக்கல்.

7. வாசல், கதவு, குளியலறை

நிலைப்படி இல்லாமல் வீடா என்று அம்மாவே எதிர்த்தார். "மஞ்சள் பூசி கோலம் போட எதுடா இருக்கு?" கடைசியில் வாசலில் தரையோடு சமமாக ஒரு பித்தளைப் பட்டி பதித்தோம். வெள்ளிக்கிழமை அதற்கு மஞ்சள் குங்குமம் உண்டு. வாக்கர் அதன்மேல் சத்தமில்லாமல் போகிறது.

மூன்றடிக் கதவு என்று சொன்னால் ஆசாரி நிலையோடு சேர்த்து மூன்றடி வைப்பார். நடுவே 31 அங்குலம்தான் மிஞ்சும். மூன்றரை அடி நிலை கேளுங்கள். குளியலறைக்கும் அதே அளவு. அங்கே கதவு வெளியே திறக்க வேண்டும் அல்லது தள்ளுகதவாக இருக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துவிடும்.

குளியலறைக்குள் ஐந்தடி வட்டம் காலியாக இருக்க வேண்டும், சக்கர நாற்காலி திரும்ப. கொத்தனார்கள் பழக்கதோஷத்தில் குளியலறை வாசலில் ஓரங்குலம் இறக்கிவிடுவார்கள். எங்கள் வீட்டில் நான் ஊரில் இல்லாத ஒரு நாளில் இறக்கிவிட்டார்கள், உடைத்துத் திரும்பப் போட 11,000. ஓடு ஒட்டும் நாளில் நீங்கள் அங்கேயே நில்லுங்கள்.

கைப்பிடியை இப்போதே மாட்ட வேண்டியதில்லை. ஆனால் மாட்டப் போகும் இடத்தில் சுவர் கெட்டியாக இருக்க வேண்டும். எடை குறைந்த பிளாக் சுவரில் திருகு நிற்காது, அந்த இடங்களில் கான்கிரீட் அடைத்து, போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அழைப்பு மணியின் கயிறு தரையிலிருந்து ஓரடி உயரம் வரை தொங்கட்டும், விழுந்தவர் கைக்கு எட்ட.

8. தரைக்குக் கீழே

நிலத்தடி நீர் மேலே இருப்பதால் உறிஞ்சுகுழி மழைக்காலத்தில் உறிஞ்சாது, திரும்ப அனுப்பும். செப்டிக் டேங்கை நீர் கசியாத கான்கிரீட்டில், நிரப்பிய மேட்டிலேயே வையுங்கள். கிணறு, ஆழ்துளையிலிருந்து குறைந்தது 18 மீட்டர் தள்ளி.

நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியை ஐப்பசியில் கழுவக் காலி செய்யாதீர்கள். சுற்றிலும் தண்ணீர் ஏறியிருக்கும்போது காலித்தொட்டி படகு மாதிரி மேலே எழும்பும். கழுவுவதெல்லாம் சித்திரையில்.

மின்பலகை நெஞ்சு உயரத்தில், பிளக் பாயின்ட் எல்லாம் இரண்டரை அடியில். குனியவும் வேண்டாம், வெள்ளம் வந்தாலும் நனையாது.

9. எப்போது எதை

நவம்பர், டிசம்பரில் மனை பார்த்தல். ஜனவரி முதல் மார்ச் வரை காகிதம், மட்டம். ஏப்ரலில் பதிவு. மே மாதம் மண். மழைக்காலம் முழுக்கச் சும்மா இருங்கள், அந்த நேரத்தில் வரைபடமும் அனுமதியும். ஜனவரியில் கடைக்கால், ஆகஸ்டுக்குள் கூரை. பூச்சு வேலையும் ஓடு ஒட்டும் வேலையும் மழையில் உள்ளே நடக்கும். தை மாதம் குடிபோகலாம்.

குடிபோவதற்கு முன்பு அந்த மழைக்காலத்தில் ஒரு முழு நாள் காலி வீட்டில் உட்கார்ந்து, தண்ணீர் எங்கே நிற்கிறது என்று சாக்பீஸால் கோடு போட்டு வையுங்கள். எங்கள் வீட்டில் கேட்டருகே ஒரு கோடு, தாழ்வார மூலையில் ஒரு கோடு. ஓடு ஒட்டுகிற ஆளை, கடைசிப் பணம் கொடுப்பதற்கு முன், அந்தக் கோடுகளுக்குக் கூட்டிப்போங்கள்.